விண்மீனின் உள்ளே போய்ப் பார்த்தவர் யார்?

சந்தையில் மண்பானை வாங்குகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். பானையை ஒரு கையில் தூக்கிப் பிடித்து, மறு கையின் விரலை மடக்கி இரண்டு தட்டுத் தட்டுவார்கள். 'ணங்' என்று ஒலித்தால் நன்றாக வெந்த பானை. ஒலி மங்கிக் கேட்டால் எங்கோ ஒரு விரிசல் இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத விரிசலைக் காது கண்டுபிடித்துவிடுகிறது. பானையை உடைக்காமலே அதன் உள்நிலையை அறியும் வழி இது.

சில ஆண்டுகளுக்கு முன் வகுப்பில் விண்மீன்களின் அமைப்பைப் பற்றிப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். சூரியனின் மையத்தில் வெப்பநிலை சுமார் ஒன்றரைக் கோடி டிகிரி என்றேன். கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவன் எழுந்தான். "சார், உள்ளே போய்ப் பார்த்தவர் யார்?" என்று கேட்டான். வகுப்பே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை, கேள்வி நியாயமானது. "கணக்குகள் அப்படிச் சொல்கின்றன" என்று பதில் சொல்லிப் பாடத்தைத் தொடர்ந்தேன். அவன் உட்கார்ந்துவிட்டான், ஆனால் அவனுக்கு அந்தப் பதில் போதவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. அன்று நான் சொல்லியிருக்க வேண்டிய பதிலை உங்களுக்குச் சொல்கிறேன்.

வானத்துச் செம்பூதங்கள்

நம் முன்னோர் 'ரோகிணி' என்றும் 'சுவாதி' என்றும் பெயரிட்ட இரண்டு விண்மீன்களை நீங்கள் வெறுங்கண்ணால் காணலாம். ரோகிணியை மார்கழி, தை மாதங்களில் முன்னிரவில் காணலாம். சுவாதியைக் கோடைக்கால முன்னிரவுகளில் பார்க்கலாம். இரண்டுமே செம்மஞ்சள் நிறத்தில் ஒளிர்வதைக் கவனியுங்கள். இவை சிவப்பு ராட்சத விண்மீன்கள் என்னும் இனத்தைச் சேர்ந்தவை. இவற்றைச் சுருக்கமாகச் செம்பூதங்கள் என்போம். நம்மிடமிருந்து சுமார் 37 ஒளியாண்டுத் தொலைவில் இருக்கும் சுவாதியின் விட்டம் சூரியனுடையதைப் போல் ஏறக்குறைய 25 மடங்கு.

விண்மீன் எப்படிச் செம்பூதம் ஆகிறது? சூரியனைப் போன்ற ஒரு விண்மீன் தன் வாழ்நாளில் பெரும்பகுதியை மையத்திலுள்ள ஹைட்ரஜனை ஹீலியமாக மாற்றுவதிலேயே கழிக்கிறது. இந்த அணுக்கரு இணைவுதான் அதன் ஆற்றலுக்கு மூலம். ஒரு காலத்தில் மையத்து ஹைட்ரஜன் தீர்ந்துபோகும். எஞ்சிய ஹீலியம் சாம்பல்போல் அங்கே குவிந்து கிடக்கும். இந்த உள்ளகம் தன் ஈர்ப்பினால் தானே சுருங்கிச் சூடேறும். அதைச் சுற்றியுள்ள மெல்லிய அடுக்கில் ஹைட்ரஜன் 'எரியத்' தொடங்கும். அப்போது வெளிப்பகுதி பன்மடங்கு ஊதிப் பெருக்கும். மேற்பரப்பு குளிர்ந்து சிவக்கும். சுமார் 500 கோடி ஆண்டுகளுக்குப் பின் நம் சூரியனுக்கும் இதே நிலைதான்.

கதை அத்துடன் முடியவில்லை. உள்ளகத்தின் வெப்பநிலை சுமார் 10 கோடி டிகிரியை எட்டும்போது, சாம்பல்போல் கிடந்த ஹீலியமே பற்றிக்கொண்டு கரியாக மாறத் தொடங்குகிறது. விண்மீனும் சற்றுச் சுருங்கி, நெடுங்காலம் நிலைபெறுகிறது.

இங்கேதான் ஒரு சிக்கல். ஹீலியம் பற்றாத செம்பூதம் ஒன்று. ஹீலியம் எரிந்துகொண்டிருக்கும் செம்பூதம் மற்றொன்று. இரண்டும் ஒரே ஒளி, ஒரே நிறம், ஏறக்குறைய ஒரே பருமன் உடையனவாக இருக்கக்கூடும். தொலைநோக்கியில் எத்தனை நேரம் பார்த்தாலும் எது எந்த நிலையில் உள்ளது என்று சொல்ல முடியாது. நம்மை வந்தடையும் ஒளி மேற்பரப்பிலிருந்து வருவது. வேறுபாடு இருப்பதோ மையத்தில். கடைசி வரிசை மாணவனின் கேள்வி இப்போது இன்னும் கூர்மையாகிறது அல்லவா?

தட்டாமலே ஒலிக்கும் பானை

பானையைத் தட்டலாம், விண்மீனை யார் தட்டுவது? அது தன்னைத் தானே தட்டிக்கொள்கிறது.

அடுப்பில் உலை கொதிப்பதைக் கவனியுங்கள். அடியில் சூடான நீர் மேலே வருகிறது. மேலே குளிர்ந்த நீர் கீழே இறங்குகிறது. இதை வெப்பச்சலனம் என்று படித்திருப்பீர்கள். உலை கொதிக்கும்போது ஓயாமல் ஒரு சலசலப்புக் கேட்கும். விண்மீனின் வெளிப்பகுதியிலும் வாயு இப்படித்தான் கொதித்துப் புரள்கிறது. அந்தச் சலசலப்பில் எல்லா அதிர்வெண்களும் கலந்திருக்கும். அவற்றுள் விண்மீனின் உருவத்துக்குப் பொருந்தும் அதிர்வெண்கள் மட்டும் ஒத்ததிர்வினால் வலுப்பெறும். புல்லாங்குழலின் வாயில் ஊதும் வெறுங்காற்றிலிருந்து குழலின் நீளத்துக்கு ஏற்ற சுரம் மட்டும் எழுவது போன்றதே இது.

வெற்றிடத்தில் ஒலி பரவாது என்று படித்த நமக்கு இந்த ஒலி எப்படி எட்டும்? ஒலியாக எட்டாது, ஒளியாக எட்டும். அலைவின்போது வாயு அமுங்கினால் சூடேறிச் சற்றுப் பிரகாசமாகும். விரிந்தால் குளிர்ந்து சற்று மங்கும். ஆகவே விண்மீனின் ஒளியை இடைவிடாமல் அளந்தால், அதன் ஏற்றத்தாழ்வில் அலைவுகள் பதிவாகியிருக்கும்.

சூரியன் இவ்வாறு அதிர்வதை 1960-இல் அமெரிக்காவின் மவுண்ட் வில்சன் ஆய்வகத்தில் ராபர்ட் லெய்ட்டன் கண்டறிந்தார். சூரியனின் மேற்பரப்பு சுமார் 5 நிமிடங்களுக்கு ஒருமுறை மேலும் கீழும் அசைகிறது. நிலநடுக்க அலைகளைக் கொண்டு பூமியின் உள்ளமைப்பை அறிவதுபோல், இந்த அலைவுகளைக் கொண்டு சூரியனின் உள்ளமைப்பை அறிய வழி பிறந்தது. மற்ற விண்மீன்களையும் இம்முறையில் ஆராயும் துறைக்கு விண்மீன் அதிர்வியல் என்று பெயர்.

செம்பூதம் பெரியது, ஆகவே மெதுவாக அதிரும். சிறிய கிண்ணத்தைத் தட்டினால் கீச்சென்று ஒலிப்பதும் பெரிய அண்டாவைத் தட்டினால் தாழ்ந்த குரலில் ஒலிப்பதும் நாம் அறிந்ததே. சூரியனுக்கு 5 நிமிடம் என்றால், செம்பூதங்களுக்கு ஓர் அலைவுக்குச் சில மணி நேரம் முதல் பல நாட்கள் வரை ஆகும்.

பூமியை விட்டு மேலே

இந்த அலைவினால் செம்பூதத்தின் ஒளி எவ்வளவு மாறும்? பத்து லட்சத்தில் சில பத்துகள் முதல் சில நூறுகள் வரையிலான பங்குதான். ஓர் ஊரில் பத்தாயிரம் மின்விளக்குகள் எரிகின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். அவற்றில் ஒன்றே ஒன்றை அணைத்தால் மொத்த ஒளி எவ்வளவு குறையும்? அந்த அளவு மாற்றத்தைத்தான் அளந்தாக வேண்டும்.

தரையிலிருந்து இதைச் செய்வது மிகக் கடினம். காற்று மண்டலம் விண்மீனைச் சிமிட்ட வைக்கிறது. அதைவிடப் பெரிய இடையூறு பகற்பொழுது. ஓர் அலைவுக்கு எட்டு மணி நேரம் ஆகும் விண்மீனை இரவில் மட்டும் பார்ப்பது, பாட்டின் பாதியைக் கேட்டுவிட்டு ராகத்தைச் சொல்ல முயல்வது போன்றது. அப்படியும் 2002-இல் சிலி நாட்டின் லா சியா ஆய்வகத்திலிருந்து, ஹைட்ரா விண்மீன் குழுவிலுள்ள ஒரு செம்பூதம் சுமார் 3 மணி நேரத்துக்கு ஒருமுறை அதிர்வதைக் கண்டறிந்தார்கள். அது மேற்பரப்பின் வேகத்தை அளந்து கண்ட முடிவு. ஆயிரக்கணக்கான விண்மீன்களை அவ்வாறு ஆராய்வது நடக்கிற காரியமல்ல.

விண்வெளியில் முதல் உதவி எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. 1999 மார்ச்சில் அமெரிக்கா 'வயர்' என்னும் அகச்சிவப்புத் தொலைநோக்கியை அனுப்பியது. மேலே போன சில நாட்களிலேயே, அதன் கருவியைக் குளிர்விக்க வைத்திருந்த ஹைட்ரஜன் முழுவதும் வெளியேறிவிட்டது. முதன்மைத் தொலைநோக்கி பயனற்றுப் போயிற்று. ஆனால் செயற்கைக்கோளைத் திசை தவறாமல் நிறுத்துவதற்கென்று 5 சென்டிமீட்டர் அளவே உள்ள ஒரு சிறு தொலைநோக்கி அதில் இருந்தது. டெரெக் பசாசி என்னும் ஆய்வாளர் அதைக் கொண்டே பிரகாசமான விண்மீன்களின் ஒளியை அளக்க முனைந்தார். சப்தரிஷி மண்டலத்திலுள்ள செம்மஞ்சள் விண்மீன் ஒன்றின் அலைவுகள் 2000-இல் வெளியாயின. சுவாதியின் அலைவு காலம் சுமார் 2.8 நாள் என்பதும் 2003-இல் இச்சிறு கருவியால் தெரியவந்தது.

பிரான்சு முன்னின்று உருவாக்கிய 'கோரோ' 2006 டிசம்பரில் விண்ணேறியது. செம்பூதம் பலூன்போல் ஒரே சீராக ஊதிச் சுருங்குவது மட்டும்தானா, அல்லது ஒரு பக்கம் உப்பும்போது மறுபக்கம் ஒடுங்குவதும் உண்டா என்று அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு இருந்தது. இரண்டும் உண்டு என்று 2009-இல் கோரோவின் அளவீடுகள் காட்டின. இரண்டாவது வகை எவ்வளவு முக்கியமானது என்பதைப் பின்னால் காண்போம்.

2009 மார்ச் 7-ஆம் நாள் 'கெப்ளர்' விண்தொலைநோக்கி ஏவப்பட்டது. கோள்களைத் தேடுவதே அதன் பணி. பூமி அளவுள்ள ஒரு கோள் தன் சூரியனுக்குக் குறுக்கே கடந்தால், ஒளி பத்தாயிரத்தில் ஒரு பங்குக்கும் சற்றுக் குறைவாகவே மங்கும். அதைப் பிடிக்கும் நுட்பம் செம்பூதத்தின் அலைவையும் பிடித்துவிடும் அல்லவா? அன்னம், யாழ் என்னும் விண்மீன் குழுக்கள் உள்ள ஒரே பகுதியைக் கெப்ளர் நான்கு ஆண்டுகள் உற்றுப் பார்த்தது. ஒன்றரை லட்சத்துக்கு மேற்பட்ட விண்மீன்களை ஏறக்குறைய அரை மணிக்கு ஒருமுறை அளந்தது. அவற்றுள் செம்பூதங்களும் ஆயிரக்கணக்கில் இருந்தன.

நான்கு ஆண்டுகள் எதற்கு? உங்கள் கைக்கடிகாரம் நாளொன்றுக்கு ஒரு வினாடி பிந்துகிறது என்றால் ஒரே நாளில் அதைக் கண்டுபிடிக்க முடியாது. இரண்டு மாதம் பொறுத்தால் ஒரு நிமிட வேறுபாடு பளிச்சென்று தெரியும். அதுபோலவே, மிக நெருங்கிய இரண்டு அதிர்வெண்களைப் பிரித்தறிய நெடுங்காலப் பதிவு தேவை. ஒளிப்பதிவு முழுவதையும் ஃபூரியர் பகுப்பாய்வு என்னும் கணித முறையால் பிரித்தால், கூட்டுக் குரலிலிருந்து ஒவ்வொருவர் குரலையும் தனியே எடுப்பதுபோல, ஒவ்வோர் அதிர்வெண்ணும் தனித்தனிக் கோடாக நிற்கும்.

இரண்டு எண்களால் ஒரு விண்மீனை நிறுத்தல்

அந்தக் கோடுகளில் முதலில் இரண்டு எண்களைக் குறித்துக்கொள்ள வேண்டும். ஒன்று, அலைவுகள் எந்த அதிர்வெண்ணில் மிக வலுவாக இருக்கின்றன என்பது. இதை உச்ச அதிர்வெண் என்போம். இது விண்மீனின் மேற்பரப்பு ஈர்ப்பு முடுக்கத்துக்கு நேர்விகிதத்திலும், வெப்பநிலையின் வர்க்கமூலத்துக்கு எதிர்விகிதத்திலும் இருக்கும். மற்றொன்று, சீரான இடைவெளியில் நிற்கும் கோடுகளுக்கு இடையிலான தூரம். இந்த அதிர்வெண் இடைவெளி, விண்மீனின் சராசரி அடர்த்தியின் வர்க்கமூலத்துக்கு நேர்விகிதத்தில் இருக்கும். சூரியனுக்கு உச்ச அதிர்வெண் சுமார் 3,090 மைக்ரோஹெர்ட்ஸ். இடைவெளி சுமார் 135 மைக்ரோஹெர்ட்ஸ்.

தாளும் பென்சிலும் எடுத்துக்கொள்ளுங்கள். கணக்குக்காக ஒரு செம்பூதத்தைக் கற்பனை செய்வோம். அதன் உச்ச அதிர்வெண் 34 மைக்ரோஹெர்ட்ஸ். அதாவது ஓர் அலைவுக்குச் சுமார் 8 மணி நேரம். இடைவெளி 4 மைக்ரோஹெர்ட்ஸ். நிறமாலையிலிருந்து அறிந்த வெப்பநிலை 4,800 கெல்வின்.

முதலில் அடர்த்தி. 135-ஐ 4-ஆல் வகுத்தால் 33.75. இதன் வர்க்கம் ஏறக்குறைய 1,140. ஆகவே இதன் சராசரி அடர்த்தி சூரியனுடையதில் 1,140-இல் ஒரு பங்கு. சூரியனின் சராசரி அடர்த்தி கன சென்டிமீட்டருக்கு 1.4 கிராம் என்பதால், இந்தப் பூதத்தின் அடர்த்தி நாம் சுவாசிக்கும் காற்றின் அடர்த்திக்கு ஏறக்குறையச் சமம்!

அடுத்து ஈர்ப்பு. 3,090-ஐ 34-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 91. வெப்பநிலை வேறுபாட்டுக்கான திருத்தத்தைச் சேர்த்தால் 100 வரும். ஆகவே மேற்பரப்பு ஈர்ப்பு முடுக்கம் சூரியனுடையதில் நூறில் ஒரு பங்கு.

ஈர்ப்பு முடுக்கம் என்பது நிறையை ஆரத்தின் வர்க்கத்தால் வகுப்பது. அடர்த்தி என்பது நிறையை ஆரத்தின் கனத்தால் வகுப்பது. முன்னதைப் பின்னதால் வகுத்தால் மிஞ்சுவது ஆரம் மட்டுமே. 1,140-ஐ 100-ஆல் வகுங்கள்: 11.4. இந்த விண்மீனின் ஆரம் சூரியனைப் போல் 11.4 மடங்கு. 11.4-இன் வர்க்கம் 130. அதை 100-ஆல் வகுத்தால் 1.3. அதன் நிறை சூரியனைப் போல் 1.3 மடங்கு. எந்தத் தராசும் இல்லாமல் ஒரு விண்மீனை நிறுத்துவிட்டீர்கள்!

இம்முறை முழுத் துல்லியம் உடையதல்ல. ஒன்றை ஒன்று மறைத்துச் சுற்றும் இரட்டை விண்மீன்களின் நிறையை வேறு வழியிலும் காணலாம். அவற்றோடு ஒப்பிட்டபோது, செம்பூதங்களுக்கு இக்கணக்கு நிறையைச் சுமார் 15 விழுக்காடு கூட்டிச் சொல்கிறது என்று 2016-இல் கண்டார்கள். அதற்கேற்பத் திருத்தங்கள் செய்துகொள்கிறார்கள்.

திரைமறைவில் ஓர் ஊசல்

நிறை தெரிந்தது; மையம்? ஒலியலைகள் பெரும்பாலும் வெளிப்பகுதியில் உலவுபவை. உள்ளகத்தில் வேறு வகை அலைகள் உண்டு. கிணற்றில் மிதக்கும் காலிக் குடத்தைச் சற்றே அமுக்கி விடுங்கள். மேலும் கீழுமாக ஆடும் அல்லவா? கீழே அழுத்தினால் மிதப்பு விசை மேலே தள்ளுகிறது. மேலே வந்தால் ஈர்ப்பு கீழே இழுக்கிறது. அடர்ந்த உள்ளகத்தில் வாயு இவ்வாறு ஆடுவதால் உண்டாகும் அலைகளை ஈர்ப்பு அலைவுகள் என்பர். ஐன்ஸ்டைன் கூறிய ஈர்ப்பலைகள் வேறு. இவற்றோடு அவற்றைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். இந்த அலைவுகள் உள்ளகத்திலேயே அடைபட்டுக் கிடப்பவை. அவற்றை மேற்பரப்பில் எப்படிக் காண்பது?

வீட்டில் ஒரு சோதனை செய்யுங்கள். இரண்டு நாற்காலிகளுக்கு இடையே ஒரு கயிற்றைச் சற்றுத் தொய்வாகக் கட்டுங்கள். அதில் ஒரு சாண் இடைவெளியில் சம நீளமுள்ள இரண்டு ஊசல்களைத் தொங்கவிடுங்கள்; நூலில் கட்டிய சிறு கற்கள் போதும். கயிற்றுக்குக் குறுக்காக ஒன்றை மட்டும் ஆட்டிவிடுங்கள். சிறிது நேரத்தில் அதன் ஆட்டம் குறையும். மற்றது தானே ஆடத் தொடங்கும். பிறகு இரண்டாவது ஓய, முதலாவது மீண்டும் ஆடும். ஓர் ஊசலின் நீளத்தை மிகவும் மாற்றிவிட்டால் இந்தக் கொடுக்கல் வாங்கல் ஏறக்குறைய நின்றுவிடும்.

இப்போது ஓர் அட்டையால் இரண்டாவது ஊசலை மறைத்துவிட்டு, நண்பரை அழையுங்கள். கண்ணுக்குத் தெரியும் ஊசலின் நீளத்தைச் சிறிது சிறிதாக மாற்றி ஆட்டச் சொல்லுங்கள். எந்த நீளத்தில் அதன் ஆட்டம் முற்றும் தேய்ந்து மீண்டும் வளர்கிறதோ, அதுவே மறைந்திருக்கும் ஊசலின் நீளம். அட்டையை விலக்காமலே உங்கள் நண்பர் சொல்லிவிடுவார்!

செம்பூதத்தில் நடப்பதும் இதுவே. உள்ளகத்து அலைவின் அதிர்வெண் வெளிப்பகுதி அலைவின் அதிர்வெண்ணை நெருங்கும்போது இரண்டும் இணைந்து கலப்பு அலைவுகள் ஆகின்றன. ஒரு பக்கம் உப்பி மறுபக்கம் ஒடுங்கும் வகையில்தான் இந்தக் கலப்பு நேர்கிறது. பலூன்போல் சீராக ஊதிச் சுருங்கும் வகையில் இல்லை. கோரோவின் கண்டுபிடிப்பு ஏன் முக்கியம் என்பது இப்போது புரிந்திருக்கும். கலப்பு நேர்ந்த இடத்தில் ஒரு கோடு நிற்க வேண்டியதற்குப் பதில் பல கோடுகள் கொத்தாக நிற்கும். அவற்றின் அலைவு காலங்களுக்கு இடையிலான வேறுபாடு உள்ளகத்தின் தன்மையைப் பொறுத்தது.

2011-இல் சிட்னி பல்கலைக்கழகத்தின் டிம் பெடிங்கும் அவருடைய குழுவினரும் கெப்ளர் அளந்த சில நூறு செம்பூதங்களில் இந்த வேறுபாட்டைக் கணித்தார்கள். விண்மீன்கள் இரண்டு கூட்டங்களாகப் பிரிந்து நின்றன. ஒரு கூட்டத்தில் வேறுபாடு சுமார் 50 வினாடி. மற்றொன்றில் 100 முதல் 300 வினாடி வரை. முதற் கூட்டத்தில் ஹீலியம் இன்னும் பற்றவில்லை. உள்ளகம் இறுகிக் கிடக்கிறது. இரண்டாவது கூட்டத்தில் ஹீலியம் எரிகிறது. உள்ளகம் தளர்ந்து, அதன் மையம் உலைபோல் கொதிக்கிறது. வெளித் தோற்றத்தில் பிரித்தறிய முடியாதிருந்த இரட்டையர்கள் தங்கள் குரலால் பிரிந்துவிட்டார்கள்.

இன்னும் அவிழாத முடிச்சு

எங்கள் ஆய்வுக்கூடத்தில் ஒரு சுழல்நாற்காலி உண்டு. அதில் அமர்ந்து கைகளை நீட்டிச் சுழலும் மாணவன், கைகளை மடக்கினால் விரைவாகச் சுழல்வான். கோண உந்தம் மாறாதிருப்பதே காரணம். செம்பூதத்தின் உள்ளகம் சுருங்கியிருக்கிறது. ஆகவே விரைவாகச் சுழல வேண்டும். வெளிப்பகுதி விரிந்திருக்கிறது, ஆகவே மெதுவாகச் சுழல வேண்டும்.

சுழற்சியினால் ஓர் அதிர்வெண் கோடு பிளவுபட்டுப் பலவாகும். ஆற்றோடு போகும் படகும் ஆற்றை எதிர்த்து வரும் படகும் வேறு வேறு வேகத்தில் தெரிவதுபோல, சுழற்சியோடு செல்லும் அலையும் எதிர்த்துச் செல்லும் அலையும் வேறுபடுகின்றன. பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழகத்திலிருந்து பால் பெக் குழுவினர் இப்பிளவுகளை அளந்து, 2012-இல் முடிவை வெளியிட்டார்கள். செம்பூதத்தின் உள்ளகம் மேற்பரப்பைவிடக் குறைந்தது பத்து மடங்கு வேகமாகச் சுழல்கிறது!

சுழல்நாற்காலி சொன்னது சரிதான் என்று மகிழும்போதே ஒரு வியப்பு காத்திருந்தது. கோட்பாட்டுக் கணக்கின்படி உள்ளகம் இதைவிட மிக மிக வேகமாகச் சுழன்றிருக்க வேண்டும். ஏதோ ஒன்று உள்ளகத்துக்குத் தடை போட்டு, அதன் கோண உந்தத்தை வெளியே கடத்துகிறது. காந்தப்புலம் காரணமாக இருக்கலாம் என்பது ஒரு கருத்து. மூன்று செம்பூதங்களின் உள்ளகத்தில் 30,000 முதல் 1,00,000 காஸ் வரை வலிமையுள்ள காந்தப்புலம் இருப்பதை, இதே அலைவுகளின் நுண்ணிய நகர்வைக் கொண்டு 2022-இல் கண்டறிந்தார்கள். பூமியின் மேற்பரப்பில் நம் காந்த ஊசியைத் திருப்பும் புலம் அரை காஸ் அளவுதான். ஆயினும் தடை போடுவது எது என்பது இன்னும் உறுதியாகவில்லை.

கெப்ளரின் திசை காக்கும் சக்கரங்களில் இரண்டாவதும் 2013 மே மாதம் பழுதாயிற்று. சூரிய ஒளியின் அழுத்தத்தையே ஊன்றுகோலாகக் கொண்டு மேலும் சில ஆண்டுகள் பணியாற்றிய பின், எரிபொருள் தீர்ந்து 2018 அக்டோபரில் அது ஓய்வு பெற்றது. அதே ஆண்டு ஏப்ரலில் சென்ற 'டெஸ்' வானம் முழுவதையும் பகுதி பகுதியாக அளக்கத் தொடங்கியது. 2021-இல் ஒன்றரை லட்சத்துக்கு மேற்பட்ட செம்பூதங்களின் அலைவுகள் அதன் பதிவுகளிலிருந்து கண்டறியப்பட்டன. நிறை தெரிந்தால் வயதையும் மதிப்பிடலாம். நிறை மிக்க விண்மீன் விரைவில் செம்பூதமாகிவிடும். இவ்வாறு நம் பால்வீதி மண்டலத்தின் எந்தப் பகுதி மூத்தது, எந்தப் பகுதி இளையது என்று கணக்கெடுத்து வருகிறார்கள்.

உள்ளே போய்ப் பார்த்தவர் ஒருவரும் இல்லை. உள்ளே போய், அங்குள்ள செய்தியோடு வெளியே வருவது அலை. அந்தச் செய்தியைப் படிக்கத் தேவையான தனிஊசலும், மிதப்பு விசையும், ஒத்ததிர்வும் உங்கள் பாடப் புத்தகத்திலேயே இருக்கின்றன. அன்று கேள்வி கேட்ட மாணவனுக்கு நான் கடன்பட்டிருந்தேன். இன்று அந்தக் கடனில் ஒரு பகுதி தீர்ந்தது. அடுத்த முறை சுவாதியைப் பார்க்கும்போது அது அசையாத ஒளிப்புள்ளியாகத்தான் தெரியும். ஆனால் அது இரண்டே முக்கால் நாளுக்கு ஒருமுறை அதிர்ந்துகொண்டிருக்கிறது என்பது இனி உங்களுக்குத் தெரியும்.